கைப்பேசியில் கிடக்கும் சாட்சியம்

மதுரை பழங்காநத்தம் போன்ற பகுதிகளில் கடையும் பட்டறையும் நடத்துவோர் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதும், விலை பேசி முடிப்பதும், பாக்கிக்குத் தவணை கேட்பதும் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே நடந்துவிடுவதால், பாக்கி வழக்காக மாறும்போது கைப்பேசிப் பதிவே முக்கிய ஆதாரமாகிவிடுகிறது.

2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2018 திருத்தத்திற்குப் பின் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளுக்குப் பொருந்துகிறது. இதன்படி வழக்குத் தொடர்பாகத் தம்மிடமுள்ள ஆவணங்கள் அனைத்தையும், அவை தமக்குப் பாதகமானவையாக இருந்தாலும், இரு தரப்பினரும் தொடக்கத்திலேயே வெளிப்படுத்த வேண்டும்; மறைத்துவைத்த ஒன்றை நீதிமன்ற அனுமதியின்றிப் பிறகு ஆதாரமாகக் காட்ட முடியாது. மின்னணுப் பதிவுக்கு அச்சுப்படி போதும் என்றாலும், அது எப்போது, எதில், யாரால் பதிவானது, எடுக்கப்பட்டது என்று உறுதிமொழி தர வேண்டும்.

அப்பதிவு சாட்சியமாக ஏற்கப்படுமா என்பது வேறு கேள்வி. 2000-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு இதற்கு ஒரு சான்றிதழ் கேட்டது. விந்தை என்னவெனில், வணிகரைக் கட்டுப்படுத்தும் இந்த விதிக்கு உச்ச நீதிமன்றம் தெளிவான உருவம் கொடுத்தது இரண்டு தேர்தல் வழக்குகளில்தான். கேரளத்துத் தேர்தல் வழக்கொன்றில், பிரசாரப் பாடல்களும் அறிவிப்புகளும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றிதழ் இல்லாததால் 2014-இல் ஏற்கப்படவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி வழக்கில், தேர்தல் அலுவலகக் காணொலிக்கு அதிகாரிகள் சான்றிதழ் தர மறுத்திருந்தனர். 2020-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயமே என்றும், ஆனால் உரிமையாளரே மூலக் கருவியைக் கூண்டில் ஏறிக் காட்டினால் அது தேவையில்லை என்றும், கேட்டும் கிடைக்காதவரைத் தண்டிக்கலாகாது என்றும் கூறியது.

சாட்சியச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு இச்சான்றிதழை இரு பகுதிகளாக்கி, ஒன்றைக் கருவியின் பொறுப்பாளரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்பச் செய்கிறது. அதில் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் இந்த எழுத்து-எண் வரிசை, ஒரு காற்புள்ளி மாறினாலும் வேறாகிவிடுவதால், பிற்காலத் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஏற்பாடு நல்லதே எனினும், சில லட்சம் பாக்கிக்காக நிபுணரைத் தேடும் சிறு வணிகருக்கு இது பாரமே.

சச்சரவு தலைகாட்டியதுமே பதிவுகளை அழியாமல் நிறுத்திவைப்பதே மலிவான வழி. வாட்ஸ்அப்பின் மறையும் செய்தி வசதி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்ற மூன்று கெடுக்களில் ஒன்றில் உரையாடலை நீக்கிவிடும். ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டுக் கணக்கறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஏடுகளைக் காக்கச் சொல்கிறது. நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்கள் அவற்றை 8 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதோடு, 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதியும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். தனிநபர் கடைக்கு இப்பிந்தைய விதி இல்லை. அக்கடைக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் அந்தக் கைப்பேசி மட்டுமே, அதையும் வழக்கு முடியும் முன்பே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால், கூண்டில் காட்ட மூலக் கருவி இராது.