பைக் ஃபியூஸ் போனா சில்வர் பேப்பர் சுத்துறீங்களா? கொஞ்சம் இதைப் படிங்க!

ராஜபாளையம் மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்ல திரும்புறவங்களுக்கு அந்தச் சுமார் 12 கிலோமீட்டர் நல்லாவே பழக்கம். கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. எதிர்ல லாரிகள் வந்துகிட்டே இருக்கும். அந்த இருட்டுல ஹெட்லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் ஒண்ணா போச்சுனா? பல நேரம் காரணம், சில ரூபாய் விலையுள்ள ஒரு ஃபியூஸ்தான்.

மறுநாள் வீட்டு வாசல்ல நாம என்ன பண்றோம்? சிகரெட் பாக்கெட்டோட சில்வர் பேப்பரையோ, ஒரு செம்புக் கம்பியையோ அதுல சுத்தி மாட்டுறோம். லைட்டும் எரியும். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

ஃபியூஸ் ஒரு காவல்காரன். 10 ஆம்பியர் ஃபியூஸ்னா, அதைவிட ரொம்ப அதிகமா கரன்ட் போனா உள்ள இருக்கிற மெல்லிய தகடு உருகி லைனைத் துண்டிச்சிடும். சில்வர் பேப்பர் சுத்தினா அது உருகாது. அதுக்குப் பதிலா ஒயர் உருகும். அந்த ஒயர்க்கட்டு போறது எங்கே? பெட்ரோல் டேங்குக்கு அடியில! 10 ஆம்பியர் (சிவப்பு) இருந்த இடத்துல 20 ஆம்பியர் (மஞ்சள்) மாட்டுறதும் இதே தப்புதான்.

புது ஃபியூஸும் போகுதா? எங்கேயோ ஷார்ட் ஆகுதுனு அர்த்தம். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட்னு ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க. எதைத் தொட்டதும் போகுதோ, அந்த லைன்ல கோளாறு. ஹேண்டிலைத் திருப்பும்போது போச்சுனா, ஹேண்டில் கழுத்துப் பக்கம் ஒயர் உரசித் தேய்ஞ்சிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தத் தேய்ஞ்ச இடத்துல தண்ணி இறங்கினா இன்னும் மோசம்.

அடுத்தது, வெளிச்சம் பத்தலைனு 35 வாட்ஸ் பல்பைக் கழட்டிட்டு 100 வாட்ஸ் மாட்டுறது. 12 வோல்ட்ல 35 வாட்ஸுக்கு 3 ஆம்பியர்கூட ஓடாது. 100 வாட்ஸுக்கு 8 ஆம்பியருக்கு மேல. அதே ஒயர்ல சூடு ஏறக்குறைய எட்டு மடங்கு! ஹோல்டரும் சுவிட்சும் உருகாம என்ன செய்யும்?

2017 ஏப்ரல்ல இருந்து வர்ற பைக்குகள்ல இன்ஜின் ஓடினா ஹெட்லைட் தானா எரியும். பேட்டரி வீணாகுதுனு ஒயரை வெட்டி சுவிட்ச் வைக்கிறவங்க இருக்காங்க. தேவையே இல்லாத வேலை. வெட்டி முறுக்கி டேப் ஒட்டின ஜாயின்ட், வெயில்ல பசை இளகிப் பிரிஞ்சுடும். சால்டர் வெச்சு ஸ்லீவ் போட்டாத்தான் நிக்கும்.

பேட்டரி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது அது கடைசியில. பாசிட்டிவை முதல்ல கழட்டினா, ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்ட நொடியே தீப்பொறி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரை உருவிப் பார்க்கிற பழைய பழக்கமும் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 பைக்குகள்ல வோல்டேஜ் எகிறி இ.சி.யு. போயிடலாம், அதோட விலைக்குப் பல பேட்டரி வாங்கலாம்.

சார்ஜ் ஏறுதானு பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினா பேட்டரி முனையில 14 வோல்ட் பக்கம் காட்டணும். 15-ஐத் தாண்டினாலோ, 13-க்குக் கீழே நின்னாலோ மெக்கானிக்கிட்ட போயிடுங்க. போகும்போது, எதை ஆன் பண்ணப்போ ஃபியூஸ் போச்சுனு மறக்காம சொல்லுங்க. அவருக்குப் பாதி வேலை மிச்சம்.