கருப்பை வாய்ப் புற்றுநோய்: அறிவிப்புகள் உண்டு, சட்டம் இல்லை

புது தில்லி: 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியர் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது ஊக்குவிக்கப்படும் என்று 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மறுநாள், இந்நோயால் மும்பை நடிகை ஒருவர் மரணமடைந்ததாகச் செய்தி பரவியது. அதற்கடுத்த நாள் அவரே தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்த ஏற்பாடு அது என்றார். கண்டனம் எழுந்தது, அது நியாயமே. ஆனால், 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 80 ஆயிரம் பெண்களைப் பலிகொண்ட நோயின் பெயர் பட்ஜெட் உரையைக் காட்டிலும் ஒரு பொய் மரணத்தால்தான் அதிகம் பேசப்பட்டது.

அமெரிக்காவில் இப்பணிக்கெனவே சட்டம் உண்டு. சினைப்பைப் புற்றுநோயால் 2000-இல் மறைந்த ஜொஹானா என்ற ஆசிரியையின் சகோதரி தொடர்ந்து போராடியதன் விளைவாக, 'ஜொஹானாவின் சட்டம்' 2007 ஜனவரியில் அதிபர் புஷ்ஷின் ஒப்புதலைப் பெற்றது. பெண்களுக்கே உரிய புற்றுநோய்களின் அறிகுறிகளை மக்களிடம் எடுத்துச் சொல்வது அரசின் பொறுப்பாயிற்று.

இந்தியாவில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே மத்திய அரசு திட்டங்கள், வழிகாட்டு நெறிமுறைகள் மூலமே செயல்படுகிறது. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்று 2016-இல் வகுக்கப்பட்டது. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனைதான். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வொன்று, இச்சோதனையால் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக 2007-லேயே காட்டியது. எனினும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் 1.9 சதவீதத்தினரே ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட்டிருந்தனர். தமிழகத்தில் இது 9.8 சதவீதம், இதுவும் பெருமைப்படக்கூடிய அளவல்ல.

இவ்விஷயத்தை நாடாளுமன்றம் கடுமையாக ஆராய்ந்தது ஒரு தவற்றின் காரணமாகத்தான். 2009-இல் 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஒத்துழைப்புடன், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்குத் தடுப்பூசி போட்டது. 7 சிறுமியர் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றே விசாரணையில் கூறப்பட்டது. ஆனால் ஒப்புதல் பெற்ற விதம் அதிர்ச்சியளித்தது. ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 2,763-இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர்; 1,948-இல் கைநாட்டு மட்டுமே. பழங்குடிச் சிறுமியர் பலருக்கு எதற்காக ஊசி என்பதே தெரியாது. நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த அறிக்கை ஆராய்ச்சிக் கவுன்சிலையும் விட்டுவைக்கவில்லை.

அறிக்கை கண்டித்தது விளக்கமின்மையை. மக்கள் மனத்தில் பதிந்ததோ ஊசியின் மீதான அச்சம். தேசியத் திட்டத்தில் தடுப்பூசியைச் சேர்க்கும் முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதற்கு விலையோடு இந்த அச்சமும் காரணம்.

சிக்கிம் வேறு வழியில் சென்றது. ஊசி போடும் முன்பே பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துப் பேசியது. 2018-இல் அம்மாநிலப் பள்ளிகளில் தொடங்கிய முகாமில், தகுதியுள்ள சிறுமியரில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் தடுப்பூசி பெற்றனர்.