காணாக்கடியும் காங்கிரஸ் செடியும்

சங்க மலருக்குச் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாகத்தான் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்த சமயம் பார்த்து முகம் தடித்து, இமை வீங்கி, மூக்குக் கண்ணாடி போட முடியாமல் போயிற்று. எனவே இந்த முறை இளங்கோவடிகள் பிழைத்தார். வாசகர்கள் என் தோலைப் பற்றித்தான் படித்தாக வேண்டும். மைசூரில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர்களில் இன்னும் நாலு பேருக்காவது இது உதவும் என்பதால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு விஜயநகர் நான்காம் ஸ்டேஜில் இருக்கிறது. எங்கள் தெருவில் வீடுகளைவிடக் காலி சைட்டுகள்தான் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஒரு மணி நேரம் நடப்பது வழக்கம். சில நாள் யோக நரசிம்மர் கோயில் வரைக்கும் போய் வருவேன். ஜூன் மாதம் இரண்டு மழை பெய்து ஓய்ந்ததும் கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. 'காணாக்கடி'யாக இருக்கும் என்று வீட்டில் வேப்பிலை அரைத்துத் தடவினார்கள். ஒரு வாரத்தில் அது முகம், இமை, முழங்கை மடிப்பு என்று பரவி, சிவந்து, செதில் செதிலாக உரிந்தது.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "சாப்பாட்டு அலர்ஜி" என்றார். ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ அளவு கூடுதலாக வந்தது. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, தக்காளி எல்லாம் கூடாது என்று ஒரு பட்டியலும், மாத்திரையும், ஒரு ஆயின்ட்மென்ட்டும் கொடுத்தார். தடவினால் நாலு நாளில் அடங்கும், விட்டால் மறுபடி வரும். அப்புறம் டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடையில் நானே அடுத்தடுத்து ட்யூப் வாங்கினேன். அது என் தப்பு. அதில் இருந்தது ஸ்டீராய்டு. முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக் குழாய் வெளியே தெரிய ஆரம்பிக்கும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் யாரும் என்னிடம் சீட்டு கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

நடுவில் கல்யாணம் ஒன்றுக்காகச் சென்னைக்குப் போய், திருவல்லிக்கேணியில் மகள் வீட்டு மூன்றாவது மாடியில் மூன்று வாரம் இருந்தோம். தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. பத்தியம் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன். மைசூர் திரும்பிய மூன்றாம் நாள் இமை மறுபடி வீங்கியது. அப்போது என் மனைவி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே மூலம்.

"என்னங்க, மெட்ராஸ்ல கல்யாண வீட்டுல கத்திரிக்காய் கொத்சும் கருவாட்டுக் குழம்பும் மாத்தி மாத்திச் சாப்பிட்டீங்களே, அப்ப ஏன் வரல?"

இதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு ஒரே தயக்கம். நம் தலைமுறைக்கு டாக்டரை எதிர்த்துக் கேள்வி கேட்பது குருவை அவமதிப்பது மாதிரி. கடைசியில் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனேன்: எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன், என்று வந்தது, என்று போனது. "சார், உங்கள் மருந்து கேட்கிறது. ஆனால் இந்த மூன்று வாரக் கணக்கு எனக்குப் புரியவில்லை. இது வேறு எதுவாகவாவது இருக்குமா?" என்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார். அப்புறம் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்த பெண் டாக்டர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல. காது மடலுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, மேல் இமையின் மடிப்பில் பார்த்தார். காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். வெயில் ஒத்துக்கொள்ளாமல் வரும் தடிப்பு இந்த நிழல் இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றில் மிதந்து வந்து படியும் பொருளுக்கு நிழல், வெயில் என்ற பேதம் இல்லை; மடிப்புகளில்தான் நன்றாகத் தங்கும். சாப்பாட்டு அலர்ஜியில் வரும் தடிப்போ வேறு ரகம். கொசு கடித்தாற்போல் எழும்பி, ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் மறையும். நாள்கணக்கில் நின்று தோல் தடித்துச் செதில் விட்டால் அது கரப்பான் வகை.

ஐஜிஇ கூடுதலாக இருந்ததே என்று கேட்டேன். அது உடனே வரும் அலர்ஜியோடு சம்பந்தப்பட்ட புரதமாம். தொட்டதால் வரும் ஒவ்வாமை ரத்த வெள்ளையணுக்களில் டி செல் என்ற வகையின் வேலை. பொருள் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. வருடக்கணக்கில் பட்டும் ஒன்றும் செய்யாத பொருள் திடீரென்று ஒருநாள் பகையாகும். அதற்கு உரிய சோதனை பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையாமல் குளிக்க வேண்டும். என் முதுகில் ஒரே ஒரு வில்லையின் இடம்தான் சிவந்து கொப்புளித்திருந்தது. அது பார்த்தீனியம்.

கேரட் இலை மாதிரி இலையும் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூவுமாக, காலி சைட் எல்லாம் இடுப்பளவு வளர்ந்து நிற்குமே, அதுதான். கன்னடக்காரர்கள் 'காங்கிரஸ் கிட' என்பார்கள். வெள்ளைப் பூ காங்கிரஸ் குல்லாய் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பார் சிலர். அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியதால்தான் என்பார் சிலர். 1955 வாக்கில் புனேயில் தாவரவியலாளர் கண்ணில் பட்டது. 1970-களில் அதே புனேயிலிருந்துதான் இதனால் வரும் தோல் நோயைப் பற்றி மருத்துவக் கட்டுரைகள் வந்தன. செடியின் நுண்ணிய மயிர்களிலும் மகரந்தத்திலும் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. செடி காய்ந்து தூளானாலும் அதன் வீரியம் போகாது. 1983-ல் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் மெக்சிகோவிலிருந்து இதைத் தின்னும் வண்டு ஒன்றைக் கொண்டு வந்தார்கள், மறு வருடம் வெளியில் விட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவிலும் மஞ்சள் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட அந்த வண்டு இலையை அரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் செடிதான் ஜெயிக்கிறது.

என் கதை புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியில் தடிப்பு வந்தது. சலவைக்காரர் துணியில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவாரே, அந்தக் குறி காலரில் பட்ட இடத்தில்தான் தடிப்பு என்று கண்டுபிடித்து 1943-ல் அவர்களுடைய டாக்டர்கள் எழுதினார்கள். அங்கேயும் துப்புக் கொடுத்தது தடிப்பு வந்த இடம்தான்.

டாக்டர் அம்மா இன்னொன்று சொன்னார். செவ்வந்திப் பூவும் இதே குடும்பம், பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எங்கள் வீட்டுப் பூஜைக்குத் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து முழம் முழமாக வாங்கி நானே தொடுத்துக்கொண்டிருந்தேன்! இப்போது சாமிக்கு மைசூர் மல்லிகைதான்.

கேள்வி கேட்க உரிமை உண்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்டு. 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனால் டாக்டர் வாயை மூடிக்கொள்வார். தேதி போட்ட தாளைக் கொண்டு போனால் பேசுவார். தடிப்பு முற்றியிருக்கும்போது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் முறை வரும் நாளில் பாதி அடங்கியிருக்கும். பழைய ட்யூப்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஆனால் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், தோல் கழன்று வருவது, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் தாள் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புதிதாகச் சாப்பிட ஆரம்பித்த மாத்திரைகூட அப்படிச் செய்யும்.

என் விஷயத்தில் பத்தியப் பட்டியல் ரத்தானது. களிம்பு இப்போது கணக்காக, டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும். முற்றியவர்களுக்கு அசதையோபிரின் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டுதான். நான் இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. பக்கத்து சைட்காரர் பெங்களூரில் இருக்கிறார். இரண்டு தரம் போன் செய்தும் பதில் இல்லாததால் தெருக்காரர்கள் நாங்களே காசு போட்டு, பூ விடுவதற்கு முன்னால், ஈர மண்ணில் வேரோடு பிடுங்க ஆள் வைத்தோம். அவர்களுக்குக் கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கு நான் வீட்டுக்குள்ளேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அடுத்த மழைக்குப் பாதி மறுபடி முளைத்துவிட்டது. இந்த மாதம் இன்னொரு தரம் ஆள் வைக்க வேண்டும்.