ஊரைச் சுற்றி ஏரி. குடிக்கப் பாட்டில் தண்ணி!
கனடாவில் 24 ஆண்டு தவித்த கிராமம்

நாலு பக்கமும் தண்ணீர். ஆனால் ஒரு வாய் அள்ளிக் குடிக்க முடியாது. இந்தக் கொடுமையை ஒரு கிராமம் 24 ஆண்டுகள் அனுபவித்தது. வறண்டுபோன பாலைவனத்தில் அல்ல. பணக்கார நாடான கனடாவில்!

கிராமத்தின் பெயர் ‘ஷோல் லேக் 40’. மனிட்டோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் எல்லையில் ஷோல் ஏரிக்குள் இருக்கிறது. அனிஷினாபே என்னும் பூர்வகுடி மக்கள் ஏறக்குறைய 300 பேர் அங்கே வசிக்கிறார்கள்.

தீவாகிப் போன ஊர்

நல்ல தண்ணி தேடி அலைந்த வின்னிபெக் நகரத்தார் கண்ணில் இந்த ஏரி பட்டது. 150 கிலோ மீட்டருக்கு மேல் கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். 1919-ல் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. பம்பு கிடையாது. சரிவிலேயே ஓடி வருகிறது. வின்னிபெக் மக்கள் இன்றும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இதற்காகக் கிராமத்தாரின் நிலம் பறிபோனது. பழைய ஊரை விட்டு, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நிலத்துக்கு அவர்களை அனுப்பினார்கள்.

அதோடு விட்டார்களா? ஓர் ஆற்றின் பழுப்புத் தண்ணீர் நகரத்துக்குப் போகிற தண்ணீரில் கலக்காமல் இருக்கக் குறுக்கே அணை போட்டார்கள். அதைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டினார்கள். அந்த வாய்க்கால் ஊரைக் கரையிலிருந்து துண்டித்துவிட்டது. ஊர் தீவாகிவிட்டது!

கோடையில் படகுப் பயணம். குளிர் காலத்தில் உறைந்த ஏரி மேல் நடை. ஐஸ் உடைந்து உள்ளே விழுந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

“கொதிக்க வை!”

1997-ல் அதிகாரிகள் அறிவித்தார்கள்: “தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே!”

அன்று முதல் பாட்டில் தண்ணிதான். வின்னிபெக் நகரம் 2009-ல் புதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டது. கிராமத்து நிலையம்? 2011-ல் செலவு அதிகம் என்று கிடப்பில் போட்டார்கள். ரோடு இல்லாத ஊருக்குச் சிமெண்டும் கம்பியும் கொண்டுபோகச் செலவு ஆகாதா? ரோட்டைத் துண்டித்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை போலும்.

2014-ல் வின்னிபெக்கில் மனித உரிமை மியூசியம் திறந்தார்கள். கிராமத்தார் சும்மா இருப்பார்களா? தங்கள் ஊரிலேயே போட்டி மியூசியம் தொடங்கினார்கள். பெயர்: ‘மனித உரிமை மீறல் மியூசியம்’! வந்தவர்களுக்கு ஊரையே சுற்றிக் காட்டினார்கள்.

வந்தது ரோடு

மத்திய அரசு, மாகாண அரசு, நகரசபை மூன்றும் பணம் போட்டன. 24 கிலோ மீட்டர் ரோடு 2019 ஜூனில் திறக்கப்பட்டது. பெயர் ‘சுதந்திரச் சாலை’. ரோடு வந்ததும் லாரி போனது. 3 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் சுத்திகரிப்பு நிலையம் எழும்பியது.

2021 செப்டம்பரில் ‘கொதிக்க வை’ உத்தரவு ரத்தானது. 24 வயது வரை சொந்த ஊர்க் குழாயில் நல்ல தண்ணி குடித்தறியாத இளைஞர்கள் அன்றைக்குத்தான் டம்ளரைக் குழாயடியில் வைத்தார்கள்.

ஒன்டாரியோவிலேயே நெஸ்கன்டாகா என்று இன்னொரு பூர்வகுடி ஊர். அங்கே 1995-ல் போட்ட ‘கொதிக்க வை’ உத்தரவுக்கு 2025 பிப்ரவரியில் 30 ஆண்டு நிறைந்தது.