ராஜா சறுக்கிய கட்டத்தில் ஃபெர்மாவும் சறுக்கினார்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொல்லி ராஜாவைத் திணறடித்தவரின் கதை நமக்குத் தெரியும். 64 கட்டமும் நிரம்ப 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி வேண்டும். அரிசி ஒன்றுக்கு 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். இன்று உலகம் முழுக்க விளைவதை அப்படியே கொட்டினாலும் ஏறக்குறைய 900 வருஷமாகும்.

எண்ணின் பிரமாண்டத்தைச் சொல்லிவிட்டுக் கதை கலைந்துவிடும். நாம் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

பலகையை நடுவில் மடக்குங்கள். முதல் 32 கட்டங்களில் இருப்பது 4,29,49,67,295 அரிசி. எடை சுமார் 107 டன்தான். அரண்மனைக் களஞ்சியம் தாங்கும். இரண்டாம் பாதியிலோ ஒவ்வொரு கட்டத்திலும், முதல் பாதியில் அதற்கு நேரான கட்டத்தில் இருப்பதைப்போல 4,29,49,67,296 மடங்கு. இரு பாதியையும் கூட்டினால் மொத்தம் 4,29,49,67,295 × 4,29,49,67,297.

முதல் பாதியையும் இப்படியே மடக்கிக்கொண்டு போகலாம். 2 கட்டத்தில் 3 அரிசி. 4 கட்டத்தில் 15, அதாவது 3 × 5. 8 கட்டத்தில் 255. அது 15 × 17. 16 கட்டத்தில் 65,535. அது 255 × 257. 32 கட்டத்துக்கு அதை 65,537-ஆல் பெருக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஐந்துமே பகா எண்கள்.

இந்த வரிசையைப் பார்த்த பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, இனி வருபவையும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-ல் நம்பினார். ஆறாவதாக வருவது 4,29,49,67,297. அது 641 × 67,00,417 என்று 1732-ல் உடைத்துக் காட்டினார் ஆய்லர். அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது அவர் நிறுவிய விதி. அதன்படி சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது!

முதல் பாதிக்கு வேறொரு பெருமை உண்டு. அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று 1796-ல் கண்டுபிடித்தார் காஸ். ஃபெர்மா வரிசையின் பகா எண்களுக்கும், அவற்றில் எதையும் ஒரு முறைக்கு மேல் சேர்க்காமல் பெருக்கி வரும் எண்களுக்கும் அது பொருந்தும். அப்படி வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கமுள்ள பலகோணங்களில் இன்றுவரை நாம் அறிந்த மிகப் பெரியதற்கு எத்தனை பக்கம்? 4,29,49,67,295. முதல் பாதி அரிசிக் கணக்கேதான்.

இன்னொரு பலகையை ஒட்டி 128 கட்டமாக்கினாலும் ஃபெர்மாவுக்கு ஆறுதல் இல்லை. புதிதாக வந்து சேரும் எண் 2,74,177-ஆல் வகுபடும். 65,537-க்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை சிக்கவில்லை.

முதல் 32 கட்டம்வரை ராஜாவின் கணக்கும் சரி, ஃபெர்மாவின் கணக்கும் சரி. இருவரும் ஏமாந்தது அடுத்த பாதியில்.