வலிக்காத கால்தான் ஆபத்து

மதுரையானாலும் மதுராவானாலும் சித்திரை வெயிலில் கோயிலின் கல் தரை கொதிக்கும். எல்லோரும் நிழலுக்கு ஓடும்போது ஒருவர் மட்டும் நிதானமாக நடந்தால், காரணம் பக்தியாக மட்டும் இருக்காது. நாட்பட்ட நீரிழிவு பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்திருக்கலாம். கொப்புளம் புண்ணான பிறகே அவருக்குத் தெரியவரும்.

தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது நோயால் அழுகி அல்ல, வலி உணராத காயங்களால்தான் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கண்டறிந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நீரிழிவுக்கும் அதே பாடம்தான். 2023இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி.

உணர்ச்சியற்ற பாதத்துடன் ரத்த ஓட்டக் குறைவு, வளைந்த விரல்கள், காய்ப்பு, புகைப்பழக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பெரிய எச்சரிக்கை, முன்பு வந்த புண். ஆறினாலும் ஓராண்டுக்குள் 100இல் சுமார் 40 பேருக்கு மீண்டும் புண் வருகிறது.

பரிசோதனை எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை டாக்டர் உள்ளங்காலில் வைத்து அழுத்துவார். அது தெரியாவிட்டால் வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவசியம். கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.