வண்டியின் இரண்டாம் பாட்டரிக்கு மின்னேற்றும் முறை

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்ததிலிருந்து, படுக்கையும் சமையலிடமும் அமைந்த ஊர்திகள் அம்மாநிலத்தில் கவனத்தைப் பெற்றுள்ளன. தமிழ்நாட்டு எல்லையை அடுத்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போன்ற சிற்றூர்களுக்குச் சென்று இரவு தங்கும் வண்டிக்கு விளக்கு, விசிறி, குளிர்பெட்டி ஆகியவை தேவை. மருந்தைக் குளிர்ச்சியாக எடுத்துச் செல்லும் களப்பணி வண்டிக்கும் இதே தேவை உண்டு.

இவற்றை எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியிலிருந்தே இயக்கினால், காலையில் வண்டி கிளம்பாமற் போகலாம். ஆகவே வீட்டுத் தேவைக்கென இரண்டாம் பாட்டரி ஒன்று வைக்கப்படுகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து இதற்கு மின்னேற்ற வேண்டும்.

முன்னாளில் இரு பாட்டரிகளையும் ஒரு ரிலே மூலம் நேரே இணைப்பது வழக்கம். இம்முறையில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் அவ்வப்போது குறைக்கப்படுகிறது. ஈய-அமிலப் பாட்டரி முழுமையாக நிறைவதற்கு ஏறத்தாழ 14.4 வோல்ட் தேவை. 13 வோல்ட்டுக்குக் கீழே அது நிறைவதேயில்லை. இரண்டாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியின் உள்தடை மிகக் குறைவாதலின், அது அளவின்றி மின்னோட்டத்தை இழுக்கும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகவே சுழலும். அந்நிலையில் சூடு மிகுந்து அதன் கம்பிச் சுருள் கருகிவிடக்கூடும்.

பாட்டரிக்குப் பாட்டரி மின்னேற்றி இவ்விரு குறைகளையும் நீக்குகிறது. உள்வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், இரண்டாம் பாட்டரியின் வகைக்கேற்ற மின்னழுத்தத்தை அது அளிக்கிறது. மின்னோட்டத்தையும் ஒரு வரம்புக்குள் நிறுத்துகிறது.

மின்னேற்றியைத் தேர்ந்தெடுக்குமுன் ஓர் இரவின் செலவைக் கணக்கிடுதல் வேண்டும். குளிர்பெட்டி சராசரி 2 ஆம்பியரும், விசிறி 1.5 ஆம்பியரும் 12 மணி நேரம் எடுத்தால் 42 ஆம்பியர்-மணியாகும். 1 ஆம்பியர் விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் மொத்தம் 46 ஆம்பியர்-மணி. 30 ஆம்பியர் மின்னேற்றி இதனை ஈடுசெய்ய ஒன்றரை மணி நேரத்திற்குமேல் வண்டி ஓட வேண்டும். அரைமணிப் பயணத்தில் 15 ஆம்பியர்-மணியே திரும்பக் கிடைக்கும். அருகருகேயுள்ள ஊர்களுக்கு மட்டும் செல்லும் வண்டிக்குச் சூரிய மின்பலகையையோ கட்டட மின்னிணைப்பையோ துணையாகக் கொள்வது நலம்.

பெரிய மின்னேற்றியே சிறந்தது என்று கருதலாகாது. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பாட்டரிக்கு 20 ஆம்பியர் அளவு பொருத்தமானது. லித்தியம் பாட்டரி இதைவிட மிகுதியாக ஏற்கும். எனினும் தயாரிப்பாளர் குறித்த வரம்பையும், ஆல்டர்னேட்டரின் திறனில் வண்டியின் விளக்குகளுக்கும் பிறவற்றிற்கும் போக எஞ்சுவதையும் மீறலாகாது. மின்னழுத்தம் மாறும் வகை ஆல்டர்னேட்டராயின், எஞ்சின் ஓடுவதை அறிவிக்கும் தனிக் கம்பியை மின்னேற்றியில் இணைத்தல் அவசியம்.

இனி, கம்பியின் பருமன். 30 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் வெளியிடும் கருவி 432 வாட் தருகிறது. அதன் பயனுறுதிறன் நூற்றுக்குத் தொண்ணூறாயின் உட்செல்ல வேண்டியது 480 வாட், 12.5 வோல்ட்டில் இது ஏறத்தாழ 38 ஆம்பியர். மின்னேற்றி 5 மீட்டர் தொலைவில் இருப்பின், போகவும் வரவும் செப்புக் கம்பி 10 மீட்டர் ஆகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1.1 வோல்ட் இழப்பு நேரும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.4 வோல்ட் மட்டுமே. பின்னதே தக்கது.

மின்னேற்றியை இரண்டாம் பாட்டரிக்கு அருகில் பொருத்துக. முதற் பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் 60 ஆம்பியர் பியூஸும், இரண்டாம் பாட்டரியின் நேர்முனைக்கு அருகில் 40 ஆம்பியர் பியூஸும் வைத்தல் வேண்டும். கம்பி உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் அதனோடு இணைந்த பாட்டரியிலிருந்து மின்சாரம் பாயும். ஒரு முனையில் மட்டும் பியூஸ் வைப்பது தீவிபத்துக்கு இடமளிப்பதாகும். தகட்டுத் துளைகளில் கம்பி நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக. எல்லா இணைப்புகளும் முடிந்த பின்னரே பியூஸைச் செருகுக.

வெப்பத்தையும் மறத்தலாகாது. மின்னேற்றியைச் சுற்றிக் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். ஈய-அமிலப் பாட்டரியின் வெப்பம் 25 பாகையிலிருந்து 35 பாகைக்கு உயர்ந்தால் மின்னேற்ற அழுத்தத்தை ஏறத்தாழ கால் வோல்ட் குறைக்க வேண்டும். வெப்ப உணர்வி இணைந்த மின்னேற்றி இதனைத் தானே செய்யும். மழைமிகுந்த பகுதியாதலின், வண்டியின் உடலோடு இணையும் முனைகளில் துருவை நீக்கி, ஆறு மாதத்திற்கொரு முறை இறுக்கிப் பார்த்தலும் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய பாடமாக்கலாம். எஞ்சின் ஓடி மின்னேற்றி முழு அளவில் இயங்கும்போது, முதற் பாட்டரியின் முனைகளிலும் மின்னேற்றியின் உள்முனைகளிலும் வோல்ட்மீட்டர் கொண்டு அளக்கச் செய்க. இரண்டின் வேறுபாடே கம்பியில் வீணாகும் அழுத்தம். அது அரை வோல்ட்டைத் தாண்டினால், கம்பி மெலிதென்றோ ஏதேனும் ஒரு முனை தளர்ந்துள்ளதென்றோ அறியலாம்; அங்கே வீணாகும் மின்சாரம் வெப்பமாகவே வெளிப்படும்.